அல்லிராணி கோட்டை என்னும் பெயர்: அரிப்பின் கட்டடங்களும் முத்துச் சலாபமும்

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியில், அருவியாறு கடலைச் சேரும் இடத்துக்குத் தெற்கே உள்ள கரையோரச் சிற்றூர் அரிப்பு. அங்கு பார்க்கத்தக்கவையாக இரண்டு கட்டடங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, போர்த்துக்கேயர் கட்டி 1658இல் ஒல்லாந்தர் வசமான சிறிய கோட்டை. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்த இடம் என்பதால் அதற்குப் புகழ். மற்றது, கடலோர மேட்டின் விளிம்பில் சரிந்துகொண்டிருக்கும் செங்கற் சுவர்கள். இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் எழுப்பிய டொரிக் என்ற கிரேக்கப் பாணி மாளிகையின் எச்சம் அது. ஊரார் அதை அல்லிராணி கோட்டை என்கிறார்கள். படித்தோர் இப்பெயரைத் திருத்த வேண்டிய பிழையாகக் கருதி ஒதுக்குவதுண்டு. அரிப்பின் வரலாற்றை அறிய அப்பெயரும் ஒரு சான்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இவ்விரு கட்டடங்களும் ஏன் இங்கு எழுந்தன என்பதற்கான விடை கரையில் இல்லை; கடலுக்குள், சிப்பி விளையும் பார்களில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் விவரித்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு சுறாவை மந்திரத்தால் கட்டுவோருக்கும் போயின என்கிறார். 1344இல் புத்தளப் பகுதியில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த இபின் பதூதா, அவர் முன் குவிந்திருந்த முத்துகளைக் கண்டு எழுதினார். ஐரோப்பியர் வந்து உருவாக்கிய தொழில் அன்று இது. முன்பே இருந்த சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, அவர்கள் கைப்பற்றினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குளித்தெடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. உயிரைப் பணயம் வைத்துக் கடலுக்குள் இறங்கியவர்களுக்கு மிஞ்சியது மூன்றில் ஒன்று. அரிப்புக் கோட்டையும் டொரிக் மாளிகையும் ஆள்வோரின் பங்கைப் பெறுவதற்கும் காப்பதற்குமான கட்டடங்கள். 1804ஆம் ஆண்டுச் சலாபத்தைப் பதிவு செய்த ஜேம்ஸ் கோடினர் மாளிகையின் அழகை வியந்து பாராட்டினார். சலாப காலத்தில் ஆளுநர் தங்குவதற்கே அது கட்டப்பட்டது என்பதை அந்த அழகு மறைத்துவிடக் கூடாது.

இப்பெயரைச் சான்றாகக் கொள்வதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. மாளிகையைக் கட்டியவர் யார், எப்போது என்பது தெளிவாகத் தெரியும்போது, அர்ச்சுனனை மணந்ததாக அம்மானைக் கதை பாடும் அல்லிக்கு அங்கு என்ன இடம்? கட்டியவர் நோர்த் என்பதில் ஐயமில்லை. அல்லி என்றொரு அரசி இக்கரையை ஆண்டாள் என்று நிறுவவும் இப்பெயர் உதவாது. ஆனால் ஒரு பெயர், கட்டடத்தின் வயதைச் சொல்லாவிட்டாலும், பெயரிட்டவர்களைப் பற்றிச் சொல்லும். அல்லி கதை பாண்டிய நாட்டில் வழங்கியது. சலாபத்துக்குக் குளியாட்கள் பலர் வந்ததும் தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கங்களிலிருந்துதான். இதே கரையில் தெற்கேயுள்ள குதிரைமலையையும் மக்கள் அல்லியோடு சேர்த்தே பேசுகிறார்கள். கதை, படகோடு இருகரைக்கும் போய்வந்தது என்று கொள்வதே பொருத்தம். முத்துக்கு உரிமை கொண்டாடிய புதிய அதிகாரத்தின் வீட்டை, தங்களுக்குத் தெரிந்த பழைய அதிகாரத்தின் பெயரால் அவர்கள் அழைத்தார்கள். ஆளுநருடைய பெயர் அவர்கள் நாவில் ஒட்டவில்லை.

முத்துக்குளிப்பு நடந்தது சிலாவத்துறையிலும் கொண்டச்சியிலும் மறிச்சுக்கட்டியிலும்தானே, அரிப்பை ஏன் மையமாக்க வேண்டும் என்றும் கேட்கலாம். வாதத்தின் முடிச்சே இங்குதான். சலாப நகரம் ஒவ்வொரு முறையும் கிடுகாலும் கம்பாலும் கட்டப்பட்டு, சில வாரங்களில் கலைந்தது. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றை எடுத்த ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த கொட்டில்களில் இன்று ஒரு கம்பும் இல்லை. கல்லும் செங்கல்லும் ஆள்வோருடையவை, ஆகவே அவை நின்றன. நிற்பதை மட்டும் வரலாறு என்று எண்ணினால், குளித்தவர்கள் அதிலிருந்து விழுந்துவிடுவார்கள். அவர்கள் உலகம் விட்டுச்சென்ற தடங்களில் இந்தப் பெயரும் ஒன்று.

தென் இத்தாலியின் பெஸ்தம் என்ற சிற்றூரை இங்கு ஒப்புநோக்கலாம். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் டொரிக் பாணி மீது ஆர்வத்தைக் கிளப்பிய கிரேக்கக் கோயில்கள் அங்கேதான் உள்ளன. அவற்றுள் மிகப் பழையது ஹேராவின் கோயில். கோயில் என்று அறியாத அக்கால அறிஞர்கள் அதற்கு 'பசிலிக்கா' என்று பெயரிட்டார்கள். தவறு என்று தெரிந்த பின்பும் அப்பெயர் கைவிடப்படவில்லை. அதுவும் அந்த இடத்தின் வரலாறாகிவிட்டது. அறிஞரின் பிழைக்குக் கிடைத்த அந்த மதிப்பு, அரிப்பு மக்களின் பெயருக்கும் கிடைக்க வேண்டும்.

அதற்குக் காலம் அதிகமில்லை. மாளிகையின் சுவர்களைக் கடல் தின்றுகொண்டே வருகிறது. எஞ்சியதை அளந்து வரைந்து வைப்பது தொல்லியலாளர் பணி. அல்லி கதைகளை முசலிக் கிராமங்களின் முதியோரிடமிருந்தும், 1990 அக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் பல்லாண்டு கழித்துத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களிடமிருந்தும், பதிவு செய்வது நம் பல்கலைக்கழகங்களின் பணி. அந்த இடத்தில் வைக்கப்படும் அறிவிப்புப் பலகையில் நோர்த்தின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அல்லிராணி கோட்டை என்றும் எழுதப்பட வேண்டும்.