போர் முடிந்தது, ஓட்டு திரும்பவில்லை

1965 மார்ச் 1ஆம் தேதி பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். காரணம் போர். இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்து நடத்திய கொன்ஃப்ரொந்தாசி அப்போது உச்சத்தில் இருந்தது. அதற்கு முந்தைய ஆகஸ்டில் அவர்களுடைய ஆட்கள் பொந்தியான் கரையில் இறங்கியிருந்தார்கள். செப்டம்பரில் லாபிஸ் பக்கம் பாராசூட்டில் குதித்தார்கள். அறிவிப்பு வந்து ஒன்பது நாளில் சிங்கப்பூர் மெக்டானல்ட் ஹவுசில் குண்டு வெடித்தது. ஆபத்து உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் சந்தேகம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. 1966 ஆகஸ்ட் 11இல் ஜகார்த்தாவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று நாடாளுமன்றத்தில் உறுதி சொல்லப்பட்டிருந்தது. இன்றைக்கு அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தீபகற்பத்தில் 1963இல் நடந்ததுதான் கடைசி ஊராட்சித் தேர்தல். ஈப்போவில் என் வயதுக்காரர்கள் யாரும் கவுன்சிலருக்கு ஓட்டு போட்டதில்லை. எங்கள் அப்பாக்களும் போட்டதில்லை.

கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் காஸாவில் நேற்று ராத்திரி என்ன நடந்தது, உக்ரேனில் எந்த ஊர் விழுந்தது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் வெளியே நிற்கிற சாக்கடைத் தண்ணி எந்த கவுன்சிலரின் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள், மேசை அமைதியாகிவிடும். நான் சிவில் இஞ்சினியர். வடிகால் வரைபடங்களை ஊராட்சி மன்றத்தில் கொடுத்து ஒப்புதலுக்குக் காத்திருப்பது என் வேலையில் பாதி. கால்வாய் எவ்வளவு அகலம், கோயிலுக்குப் பக்கத்தில் எதற்கு அனுமதி, பழைய ரப்பர் தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறுமா என்பதெல்லாம் முடிவாகிற இடம் அது. அங்கே நாம் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவர்கூட இல்லை.

பேராக்கில் போர்ச் செய்தி என்றைக்குமே தூரத்துச் செய்தியாக இருந்ததில்லை. 1941 டிசம்பர் முடிந்து 1942 பிறக்கும்போது கம்பாரில் ஜப்பானியரோடு சண்டை நடந்தது. பிறகு தோட்டத்துத் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. கொரியாவில் சண்டை மூண்டபோது இங்கே ரப்பர் விலை எகிறியது. உலகச் செய்தி நம் லயத்து வாசலுக்கே வந்துவிடும். உள்ளூர் அதிகாரம்தான் வரவே இல்லை.

இத்தனைக்கும் ஈப்போவுக்கு அந்த அதிகாரத்தின் சுவை தெரியும். டி. ஆர். சீனிவாசகம், எஸ். பி. சீனிவாசகம் என்ற வழக்கறிஞர் சகோதரர்களை இங்கே பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. 1953இல் தொடங்கிய அவர்களுடைய கட்சிதான் பிறகு மக்கள் முற்போக்குக் கட்சி ஆனது. 1957 இடைத்தேர்தலில் டி. ஆர். ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஈப்போ நகர மன்றமும் அந்தக் கட்சியின் கைக்கு வந்தது. மத்தியில் கூட்டணி ஆட்சி, டவுனில் எதிர்க்கட்சி ஆட்சி. மக்கள் இரண்டையும் பிரித்துப் பார்த்து ஓட்டு போட்டார்கள்.

அந்தக் காலத்து அரசியல் ஒழுக்கத்துக்கு ஒரு உதாரணம் போதும். அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மேல் டி. ஆர். நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றச்சாட்டு வைத்தார். சபைக்குள் பேசினால் வழக்கு போட முடியாது, வெளியே வந்து சொல் என்றார்கள். அவர் வெளியே வந்து சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்கு போட்டுத் தோற்றார், 1965இல் பதவி விலகினார். தேர்தல் நிறுத்தப்பட்டதும் அதே ஆண்டுதான். இரண்டையும் முடிச்சுப்போட நான் வரவில்லை. வாயால் சொன்னதற்குப் பொறுப்பேற்கிற ஆளை ஊர்க்காரர்களால் தேர்ந்தெடுக்க முடிந்தது என்பதுதான் நான் சொல்ல வருவது.

டி. ஆரைக் கொண்டாடிவிட்டு நகர முடியாதபடி இந்தக் கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது, அது நம்மைப் பற்றியது. ஈப்போ டவுன் ஓட்டு போட்ட அந்த வருஷங்களில் பேராக் தமிழர்களில் பெரும்பகுதி தோட்டத்தில் இருந்தது. தோட்டம் தனியார் நிலம். நகர மன்ற எல்லை தோட்டத்துக்கு வெளியிலேயே நின்றுவிடும். தண்ணீர், கக்கூஸ், லயத்துக் கூரை, ரோடு எல்லாம் நிர்வாகத்தின் கையில். துரை, கிராணி, கங்காணி என்று அதிகாரம் மேலிருந்து இறங்கும், கீழேயிருந்து ஏறுவதற்கு வழி கிடையாது. புதுக்கிராமங்களில்கூட ஐம்பதுகளில் ஊராட்சி மன்றத் தேர்தல் நடந்தது. பக்கத்துத் தோட்டத்தில் நடக்கவில்லை.

பிறகு தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதையும் மீறி நிலம் கைமாறியது. ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனைக்குப் பிறகு தாமான் வந்தது. நம் ஆட்கள் மலிவு விலை வீட்டுக்கும் புறம்போக்குக்கும் குடிவந்தார்கள். அதற்குள் ஊராட்சி ஓட்டு செத்துப்போயிருந்தது. டவுனில் ஓட்டு இருந்தபோது நாம் தோட்டத்தில் இருந்தோம். நாம் டவுனுக்கு வந்தபோது ஓட்டு இல்லை. வருஷத்துக்கு ரெண்டு தடவை சுக்காய் பிந்து மட்டும் தவறாமல் வருகிறது.

இந்த ஓட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னவரும் ஒரு தமிழர்தான். 1965இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்கு செனட்டர் ஆதி நாகப்பன் தலைவர். ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகியின் கணவர். ஆணையம் தன் அறிக்கையை 1968 டிசம்பரில் கொடுத்தது. ஊராட்சி மன்றங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அறிக்கை வெளியில் வந்தது 1971இல். இடையில் 1969 மே 13 கலவரம் நடந்துவிட்டது. 1976இல் வந்த ஊராட்சிச் சட்டம் பரிந்துரையைத் தலைகீழாக்கியது. 10ஆவது பிரிவின்படி கவுன்சிலர்களை மாநில அரசு நியமிக்கும். 15ஆவது பிரிவு தேர்தலுக்கு மூடுவிழா நடத்தியது. போருக்காகத் தற்காலிகமாக நிறுத்தியதை அமைதிக் காலத்தில் நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

கட்டுமான இடத்தில் தற்காலிக முட்டு கொடுப்போம். அதை எப்போது எடுக்க வேண்டும் என்பதையும் அப்போதே எழுதிவைப்போம். எழுதாவிட்டால் அந்த முட்டு அங்கேயே நின்றுவிடும். பிரிட்டன் இரண்டாம் உலகப் போரின்போது உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்தியது, போர் முடிந்த 1945இலேயே நவம்பரில் திரும்ப நடத்தியது. இலங்கையில் 2023இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைப் பணம் இல்லை என்று தள்ளிப்போட்டார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதம் தேர்தல் நடந்தது. நம் ஊரிலும் கேட்டுப் பார்த்தார்கள். பினாங்கு மாநிலம் தானே தேர்தல் நடத்தச் சட்டம் இயற்றியது. அந்த அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தேர்தல் வந்தால் இனச் சண்டை வரும் என்பது இப்போது சொல்லப்படுகிற காரணம். 2018இல் பிரதமர் மகாதீரும் இதைச் சொன்னார். மே 13ஐப் பார்த்த தலைமுறையின் பயத்தைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வராது. ஆனால் நடந்த வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. சீனர்கள் அதிகமாக வாழ்ந்த ஈப்போ, சீனிவாசகம் சகோதரர்களின் கட்சியைத் தேர்ந்தெடுத்தது. சீனர்கள் அதிகமாக வாழ்ந்த ஜார்ஜ் டவுனின் முதல் மேயர், 1957இல், டி. எஸ். இராமநாதன். இன்றைக்கு எந்த நியமனப் பட்டியலில் அப்படி ஒன்று நடக்கும்?

தேர்தல் வந்தால் ஊழல் ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஜார்ஜ் டவுன் மன்றத்தின்மேலும் புகார்கள் வந்தன, 1966இல் அதன் நிர்வாகத்தை மாநில அரசு எடுத்துக்கொண்டது. ஆனால் தேர்ந்தெடுத்த ஆள் தப்பு செய்தால் அடுத்த தடவை வீட்டுக்கு அனுப்பலாம். நியமித்த ஆளை நியமித்தவர்தான் அனுப்ப முடியும். அவர் நல்லவராகவே இருந்தாலும் அவருடைய கண் கட்சி அலுவலகத்தின் மேலேதான் இருக்கும். சின்ன ஊர் நிர்வாகத்தின் ஒழுக்கத்தை நான் இப்படித்தான் அளக்கிறேன்: கவுன்சிலர் யாருக்குப் பயப்படுகிறார்?

ஈப்போவில் டி. ஆர். பெயரில் பூங்கா இருக்கிறது. கோலாலம்பூரில் ஆதி நாகப்பன் பெயரில் சாலை இருக்கிறது. இரண்டையும் பராமரிப்பது நியமன நிர்வாகங்கள்.

அதே 1976 சட்டத்தின் 23ஆவது பிரிவில் ஒரு சின்னக் கதவு மட்டும் திறந்திருக்கிறது. மன்றம் வேறு மாதிரித் தீர்மானித்தால் ஒழிய, அதன் முழுக்கூட்டங்களுக்குப் பொதுமக்களும் பத்திரிகைக்காரர்களும் போகலாம். நாம் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம். நம் வட்டாரத்துக் கவுன்சிலர் யார், எந்தத் தோட்ட நிலம் பேச்சுக்கு வருகிறது, யார் வாய் திறக்கிறார், யார் திறக்கவில்லை என்று எழுதிக்கொள்ளலாம். போர்ச் செய்தி வழக்கம்போல ஃபோனில் வரட்டும், கூட்டம் முடிந்து வெளியே வந்து பார்த்துக்கொள்ளலாம்.