துலக்கும் கைகள்

வரலாறு என்ற சொல்லைக் கேட்ட அளவில் அரசர்களும் போர்களும் ஒப்பந்தங்களுமே மாணவர் நினைவில் எழுகின்றன. உழவன் வாழ்ந்த வீட்டின் கூரை எதனால் வேயப்பட்டது, அவ்வூர்ச் சுவரில் செங்கற்கள் எவ்வாறு அடுக்கப்பட்டன, புகைவண்டி நிலையத்தின் கதவுக்கு எந்த நிறம் பூசப்பட்டிருந்தது என்பனவற்றைக் குறித்து வைப்பார் மிகச் சிலரே. குறித்து வைத்ததை அழியாமல் காப்பார் அவரினும் அரியர். இவ்விரு பணிகளையும் பொழுதுபோக்கு என்னும் எளிய பெயரால் செய்து வந்த சிலரின் வரலாறு இங்கிலாந்தில் உண்டு.

தென் இங்கிலாந்தில் அஃபிங்டன் என்னும் சிற்றூருக்கு அருகே உள்ள குன்றின் சரிவில் ஒரு வெள்ளைக் குதிரையின் உருவம் காணப்படுகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 110 மீட்டர். புல்தரையை வெட்டிப் பள்ளமாக்கி, அதில் வெண்சுண்ணக் கல்லை இடித்து நிரப்பி அதை உருவாக்கியிருக்கின்றனர். 1990-களில் நடந்த மண் ஆய்வு, அது கிறித்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது என்று காட்டியது. கல்லில் செதுக்காத ஓர் உருவம் இத்துணைக் காலம் நிலைத்தது எவ்வாறு? களையைப் பிடுங்கி, புதிய சுண்ணம் இட்டு, தலைமுறை தலைமுறையாக அதைத் துலக்கி வந்துள்ளனர் சுற்றுவட்டார மக்கள். சில ஆண்டுகள் கவனியாது விட்டால் புல் மூடிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது பகைவரின் வானூர்திகளுக்கு அடையாளம் ஆகிவிடாதிருக்க அதை மூடி மறைத்தனர். போர் முடிந்தபின் மீண்டும் வெளிக்கொணர்ந்தனர்.

அக்குதிரையின் பெயரால் அப்பகுதி வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என வழங்குகிறது. அதன் ஊடாகச் செல்லும் இலண்டன் – பிரிஸ்டல் இருப்புப்பாதை 1841-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது.

1925-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் இளைஞர் இங்கிலாந்துக்கு வந்தார். அவர் பெயர் ராய் இங்கிலண்டு. நாட்டின் பெயரே அவருடைய குடும்பப் பெயராகவும் அமைந்திருந்தது. புகைவண்டிகளில் பெருவிருப்பம் கொண்டிருந்த அவர், இப்பள்ளத்தாக்கின் சிற்றூர்களிலும் உள்ளம் பறிகொடுத்தார். ஆனால் அவர் கண்முன்னேயே அவ்வூர்கள் மாறத் தொடங்கின. வைக்கோல் வேய்ந்த கூரைகள் நீக்கப்பட்டன, பழைய வீடுகள் திருத்தப்பட்டன, சில இடிக்கப்பட்டன. மாற்றத்தைத் தடுக்கும் வலிமை அவருக்கு இல்லை. அளக்கவும் வரையவும் மட்டும் அவரால் முடிந்தது. வீடுகளை அளந்தார், வண்ணங்களைக் குறித்துக்கொண்டார். பின் அவற்றைச் சிறிய உருவில் அமைக்கலானார்.

அவ்வீடுகள் அட்டையால் ஆனவை. ஒவ்வொரு செங்கல்லின் கோடும் தனித்தனியே கீறப்பட்டு, நீர்வண்ணத்தால் தீட்டப்பட்டது. கூரைக்குச் சணல் போன்ற நார் பயன்பட்டது. ஒரு வீட்டை முடிக்கப் பல நூறு மணி நேரம் தேவைப்பட்டது. 1954-இல், லாங் விட்டன்ஹாம் என்னும் ஊரில், பெண்டன் அருங்காட்சியகம் தோன்றியது. 1920, 1930-களின் சிற்றூரும் அதன் புகைவண்டியும் அங்கே உருப்பெறலாயின. ராய் 1995-இல் மறைந்தார். அவர் தொடங்கிய வேலை அவரோடு நிற்கவில்லை, தொண்டர்கள் தொடர்ந்தனர்.

இங்கு அளவைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நன்று. இவ்வகை மாதிரிகளில் ஓர் அடியை 4 மில்லிமீட்டராகச் சுருக்குவர். அஃதாவது, உண்மைப் பொருளில் ஏறத்தாழ 76-இல் ஒரு பங்கு. பிரிட்டனின் இருப்புப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 4 அடி 8½ அங்குலம். இக்கணக்கின்படி மாதிரியில் அது 18.83 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். ஆனால் கடைகளில் பரவலாக விற்கப்பட்ட மாதிரிப் பாதையின் அகலமோ 16.5 மில்லிமீட்டர்தான். பிரிட்டனின் எஞ்சின்கள் உருவில் சிறியவை. அவற்றை அப்பாதைக்கு ஏற்ற அளவில் சுருக்கினால் மின்பொறியை உள்ளே வைக்க இடம் போதாது. ஆகவே உடலைப் பெரிதாக்கி, பாதையை மட்டும் அப்படியே விட்டனர். உண்மை அளவில் கணக்கிட்டால் பாதை ஏழு அங்குலம் குறுகிவிட்டது. இப்பிழையைப் பொறாதவர்கள் முதலில் 18 மில்லிமீட்டர் அகலத்தையும், 1960-களில் 18.83 மில்லிமீட்டர் அகலத்தையும் ஏற்று, சக்கரங்களையும் அவற்றுக்கேற்ப மெல்லியனவாகச் செய்தனர். இதுவே நுண்ணளவு முறை எனப்படும். ராய் தொடங்கிய சிற்றூரின் புகைவண்டியும் இம்முறையைச் சார்ந்ததே.

அதே அருங்காட்சியகத்தில் வேறொருவரின் கைவேலையும் உள்ளது. ஜான் அஹர்ன் என்பவர் 1930-களின் பிற்பகுதியில் தம் வீட்டில் மேடர் பள்ளத்தாக்கு என்னும் கற்பனை இருப்புப்பாதையை அமைக்கத் தொடங்கினார். அக்காலத்தில் மாதிரிப் புகைவண்டி என்றால் பலருக்கும் பாதையும் வண்டியுமே. அஹர்ன் அதைச் சுற்றிக் குன்று, ஆறு, துறைமுகம், தெரு, வீடு ஆகிய அனைத்தையும் அமைத்து, நிலத்தின் ஒரு பகுதியாகவே புகைவண்டியைக் காட்டினார். அம்முறையைப் பிறர் கற்கும்படி நூல்களும் எழுதினார். 1961-இல் அவர் மறைந்தபின், அம்மாதிரி சிதைந்து போகாமல் பெண்டனை வந்தடைந்தது.

வந்தடைந்த பொருளைக் காப்பது எளிதன்று. அட்டை ஈரத்தில் உப்பும், வறட்சியில் வளையும். நீர்வண்ணம் வெளிச்சத்தில் மங்கும். மின்கம்பியின் மேலுறை பல்லாண்டுகளில் இறுகி உதிரும். பழைய மின்பொறிகளின் காந்தம் வலுவிழக்கும். துத்தநாகக் கலவையில் வார்த்த உறுப்புகளில் ஈயம் சிறிது கலந்திருந்தால், அவை உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகும். கண்ணுக்குத் தெரியாத தூசு தண்டவாளத்தில் படிந்தாலும் மின்னோட்டம் தடைப்பட்டு வண்டி நின்றுவிடும்.

இவற்றினும் கடினமானது மற்றொன்று. செப்பனிடுவோர் பலரும் அஹர்னைவிட நுட்பமான கருவிகளை உடையவர்கள். அவர் அறியாத அளவுமுறைகளை அறிந்தவர்கள். குறுகிய பாதையைப் பெயர்த்தெறிந்து 18.83 மில்லிமீட்டர் பாதையைப் பதிக்க அவர்களால் இயலும். மங்கிய வீட்டை அகற்றி, அதனினும் திருத்தமான வீட்டை வைக்கவும் இயலும். அவ்வாறு செய்தால் காண்பதற்கு அழகான ஒரு மாதிரி கிடைக்கும். ஆனால் அஹர்ன் மறைந்துவிடுவார். 1930-களில் ஒருவர் தமக்குக் கிட்டிய அட்டையையும் கம்பியையும் கொண்டு எவ்வாறு சிந்தித்தார் என்பதற்கு இருந்த சான்றும் அவரோடு மறைந்துவிடும்.

பெண்டனில் மேடர் பள்ளத்தாக்கின் பாதை இன்றும் 16.5 மில்லிமீட்டராகவே உள்ளது. தங்கள் கூடத்தில் நுண்ணளவைப் போற்றிய தொண்டர்கள், பிறர் கைவேலையில் அதைப் புகுத்தவில்லை. செப்பனிட்டு, குறித்த நாள்களில் அவ்வண்டிகளை ஓடவும் செய்து வந்துள்ளனர். ஏட்டுச் சுவடியைப் படியெடுப்பவன் தனக்குப் பிடித்த சொல்லை இடையே செருகினால், நூல் மூலநூலாசிரியனுடையது ஆகாது. அவ்வடக்கம் இவர்களிடமும் இருந்தது. ஓடும் பொருளை ஓடவிட்டால் தேயும். ஓடாமல் நிறுத்தினால் அது புகைவண்டியே ஆகாது. இவ்விரண்டிற்கும் இடையே அளவறிந்து நடப்பதே காப்போரின் நாள்தோறும் உள்ள பணி.

பள்ளத்தாக்கின் குன்றில் நிற்கும் குதிரையை முதலில் வரைந்தவர் பெயரை எவரும் அறியார். அதைத் துலக்கி வந்த ஆயிரக்கணக்கானோரின் பெயர்களும் பதிவாகவில்லை. அவர்களுள் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பம் போல் ஒரு காலை நீட்டியிருந்தாலோ கழுத்தை வளைத்திருந்தாலோ இன்று அங்கே குதிரை இராது. பெற்றதைப் பெற்றவாறே காத்து அடுத்த கைக்குத் தந்தமையால்தான் அது நிற்கிறது. ராய் அமைத்த சிற்றூரும் அஹர்ன் அமைத்த பள்ளத்தாக்கும் அவ்வாறே நிற்கின்றன.

மாணவர் இதிலிருந்து கொள்ளத்தக்கவை இரண்டு. கண்முன் இருப்பது இருக்கும்போதே அளந்து எழுதிவைத்தல் ஒன்று. முன்னோர் எழுதிவைத்ததில் தன்பெயர் பொறிக்காமல் அதைத் துலக்கித் தருதல் மற்றொன்று. முன்னதற்குக் கூர்மை வேண்டும். பின்னதற்குப் பொறுமையும் பணிவும் வேண்டும். ஆசிரியப் பணிக்கும் வேண்டுவன இவையே.