லு ஷம்போன்: ஒளித்து வைத்த ஊரின் காட்டுப் பாதைகள்

பிரான்சில் வாழும் நம்மவர்கள் கோடை விடுமுறை வந்தால் லூர்து மாதா கோயிலுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் கடற்கரைப் பக்கம் போவார்கள். நாட்டின் நடுவில் இருக்கும் மலையூர்களுக்குப் போகிறவர்கள் குறைவு. அப்படியான ஊர்களில் ஒன்று லு ஷம்போன் சூர் லினியோன். நான் அங்கே மூன்று தடவை போயிருக்கிறேன். முதல் தடவை போனது காட்டுப் பாதைகளில் நடப்பதற்காக மட்டும். பிறகு போனதற்கு வேறு காரணமும் இருந்தது. போக விரும்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று, பார்த்ததையும் வாசித்து அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஊர் ஓத்-லுவார் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் ஒரு பீடபூமியில் இருக்கிறது. சனத்தொகை 2,500 அளவில். ஊரின் நடுவே ஓடும் லினியோன் ஆறு பின்னர் லுவார் நதியில் போய்ச் சேர்கிறது. சாம்பல் நிறக் கருங்கல் வீடுகள், மாடு மேயும் புல்வெளிகள், அவற்றைச் சூழ்ந்து பைன் காடுகள். அங்கங்கே கவிழ்த்து வைத்த சட்டி போலக் குன்றுகள் எழும்பி நிற்கும். அவை பழைய எரிமலைகளின் மிச்சங்கள். உள்ளூரில் 'சுக்' என்பார்கள். பனிக்காலத்தில் 'பூர்ல்' என்ற வடகாற்று வீசும். அது பனியை வாரிக்கொண்டுவந்து வீதிகளை மூடிவிடும். அந்த நாட்களில் வெளியார் இங்கே வந்து சேர்வதே கடினம். 1940களில் இந்த ஊருக்கு அதுவும் ஒரு காவல்.

ஊருக்குள் முதலில் பார்க்கவேண்டியது புரட்டஸ்தாந்து ஆலயம். அலங்காரம் எதுவுமில்லாத கட்டடம். ஒருவரையொருவர் நேசியுங்கள் என்ற பொருளில் வாசலுக்கு மேலே பொறித்திருக்கிறார்கள். கத்தோலிக்க நாடான பிரான்சில் இந்தப் பீடபூமி மக்களில் பலர் புரட்டஸ்தாந்துகள். 1598இல் அவர்களுக்குக் கிடைத்த வழிபாட்டு உரிமையை 1685இல் பதினான்காம் லூயி மன்னன் பறித்தான். அதன் பிறகு நூறு வருடங்களுக்குக் காடுகளிலும் பண்ணை வீடுகளிலும் ஒளித்துத்தான் கும்பிட்டார்கள். போதகர்கள் தேடப்பட்டார்கள், பிடிபட்டவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். தேடி வருகிறவனுக்கு என்ன பதில் சொல்வது, எந்தக் கதவைத் திறப்பது, எப்போது வாயை மூடுவது என்பதெல்லாம் இந்தச் சனத்துக்குப் பரம்பரையாகத் தெரிந்திருந்தது.

1940 யூன் 22ஆம் திகதி பிரான்ஸ் ஜேர்மனியிடம் பணிந்து உடன்படிக்கை செய்தது. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. இந்த ஆலயத்தில் போதகர் அந்திரே ட்ரொக்மேயும் அவருடைய தோழர் எதுவார் தெய்ஸும், மனச்சாட்சிக்கு எதிரான கட்டளைகளை ஆயுதமின்றி எதிர்ப்பது கிறிஸ்தவர்களின் கடமை என்று அறிவித்தார்கள். அதற்குப் பின் நடந்ததை ஒரு இயக்கம் என்று சொல்வது கடினம். தலைமையகம் இல்லை, உறுப்பினர் பட்டியல் இல்லை. யூதக் குடும்பம் ஒன்று சிறிய மலை ரயிலில் வந்து இறங்கும். யாராவது ஒருவர் கூட்டிப்போவார். பண்ணை வீடுகள், விடுதிகள், பள்ளிக்கூடங்கள் என்று எல்லா இடத்திலும் இருத்தினார்கள். பொய் அடையாள அட்டை செய்தார்கள். சிலரை எல்லை கடத்தி சுவிற்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். சுவிஸ் உதவி அமைப்பு ஒன்று பிள்ளைகளுக்காக இல்லங்கள் நடத்தியது. அதில் ஒன்றில் வளர்ந்த அலெக்சாந்தர் குரோத்தெண்டீக் பின்னாளில் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கணித மேதைகளில் ஒருவரானார். அவருடைய தகப்பன் அவுஷ்விற்சில் கொல்லப்பட்டவர். சுற்றிவளைப்பு வருகிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் ஓரிரு இரவுகள் காட்டுக்குள் போய் ஒளித்திருந்ததை அவர் எழுதியிருக்கிறார்.

இன்று நாம் நடக்கும் காடு அந்தக் காடுதான். ஊரிலிருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் பத்து நிமிடத்தில் மரங்களுக்குள் போய்விடலாம். பொலிஸ் திரும்பிப் போனதும் ஊரவர்கள் காட்டோரம் வந்து ஒரு பாட்டுப் பாடுவார்கள், அதைக் கேட்டு ஒளித்திருந்தவர்கள் வெளியே வருவார்கள் என்று அந்நாளைய ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். பைன் மரங்களுக்கிடையே சத்தம் நெடுந்தூரம் போவதை அங்கே நின்று பார்த்தால் விளங்கும்.

எல்லோரும் தப்பவில்லை. 1943 யூன் 29ஆம் திகதி காலை கெஸ்டாப்போ 'மெசோன் தே ரோஷ்' என்ற மாணவர் இல்லத்தைச் சுற்றிவளைத்து 18 மாணவர்களைப் பிடித்துப் போனது. அதன் பொறுப்பாளர் தனியேல் ட்ரொக்மே, போதகரின் உறவினர், அப்போது வேறொரு இல்லத்தில் இருந்தார். ஓடித் தப்பும்படி சொன்னபோதும் மறுத்து, தன்னுடைய மாணவர்களிடம் போனார். 1944 ஏப்ரலில் மைதானெக் முகாமில் இறந்தார். ஊர் வைத்தியர் ரொஜே லு ஃபொரெஸ்தியேயை 1944 ஓகஸ்டில் லியோனுக்கு அருகே சுட்டுக் கொன்றார்கள்.

ஆலயத்துக்கு எதிரே, முந்திப் பள்ளிக்கூடமாக இருந்த கட்டடச் சுவரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அதை வைத்தது அரசாங்கமல்ல, ஊரவர்களுமல்ல. இங்கே ஒளித்திருந்து பிழைத்த யூதர்கள் 1979இல் வந்து வைத்தார்கள். ஊரவர்கள் அதுவரை இதைப்பற்றி அதிகம் கதைக்கவில்லை. 1990இல் இஸ்ரேலின் யாட் வஷெம் நிறுவனம் இந்த ஊரையும் அயற்கிராமங்களையும் ஒட்டுமொத்தமாகக் கௌரவித்தது. பலகைக்குப் பக்கத்திலேயே 2013இல் திறந்த நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. சிறியது. ஆனால் அவசரப்படாமல் அரை நாள் ஒதுக்குங்கள். பிழைத்தவர்களும் ஊரவர்களும் கதைக்கும் ஒளிப்பதிவுகள்தான் அங்கே முக்கியம்.

எத்தனை பேர் காப்பாற்றப்பட்டார்கள்? 5,000 என்ற எண்ணைப் பல இடங்களில் காண்பீர்கள். பின்வந்த ஆய்வாளர்கள் பலர் அதைவிடக் குறைத்தே கணக்கிடுகிறார்கள். ஒளித்து வைத்தவர்கள் எவரும் பதிவேடு எழுதவில்லை. பலர் சில நாட்கள் தங்கிவிட்டுக் கடந்து போனார்கள். இன்னொரு வழக்கும் உண்டு: மஸே, தாங்ஸ் போன்ற அயலூர்களும் இதையேதான் செய்தன, பெயர் மட்டும் ஷம்போனுக்குப் போய்விட்டது என்கிறார்கள். எண்களைப் பற்றிய இழுபறி நமக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே அது பகிரங்கமாக, புத்தகங்களிலும் மாநாடுகளிலும் நடக்கிறது. கணக்குக் கேட்டதற்காக யாரையும் விசாரணைக்குக் கூப்பிடுவதில்லை.

இனி நடை. பிரான்சில் நடைபாதைகளுக்கு மரங்களிலும் கற்களிலும் நிறக்கோடு போட்டிருப்பார்கள். மஞ்சள் கோடு என்றால் உள்ளூர்ச் சுற்றுப்பாதை, வெள்ளையும் சிவப்பும் என்றால் நாட்டைக் கடக்கும் நெடும்பாதை, மஞ்சளும் சிவப்பும் என்றால் பிரதேசச் சுற்று. கோடுகள் பெருக்கல் குறி போல வெட்டியிருந்தால் அது பிழையான வழி, திரும்புங்கள். சுற்றுலா அலுவலகத்தில் பாதை விபரங்கள் எடுக்கலாம்.

பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு ஆற்றங்கரை போதும். கோடையில் குளிக்கவும் இடமிருக்கிறது. நடக்கக்கூடியவர்கள் மஸே பக்கமாகப் போய், பனலியே என்ற குக்கிராமத்தைத் தாண்டலாம். காசநோய்க்கு மலைக்காற்றுத் தேடி 1942இல் அல்பேர்ட் கமு வந்து தங்கியது அங்கேதான். அந்த நவம்பரில் நேசநாட்டுப் படைகள் வட ஆபிரிக்காவில் இறங்கவே, அல்ஜீரியாவுக்குத் திரும்பியிருந்த மனைவியிடம் அவரால் போகமுடியாமல் போயிற்று. அந்தப் பிரிவுக்குள் இருந்துகொண்டுதான் 'கொள்ளைநோய்' நாவலில் வேலை செய்தார். வீட்டை வீதியிலிருந்து பார்த்துவிட்டு நடக்கவேண்டியதுதான்.

அந்தப் பக்கத்தில் எனக்கு மிகப் பிடித்தது லிசியூ குன்று, 1,388 மீற்றர். கடைசி ஏற்றம் செங்குத்தானது, ஆனால் குறுகியது. உச்சியில் நின்றால் முழுப் பீடபூமியும் தெரியும். ஒரு பண்ணையிலிருந்து அடுத்த பண்ணை எவ்வளவு தூரம் என்பதை அங்கிருந்துதான் நான் உணர்ந்தேன். இரவில், பனியில், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் தூரத்தைக் கடந்திருக்கிறார்கள்.

கார் இருந்தால் தெற்கே மெஸாங் மலைக்குப் போங்கள். 1,753 மீற்றர். ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரம் வரை காரிலேயே போகலாம், மிச்சம் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறிவிடலாம். வானம் தெளிந்திருந்தால் அல்ப்ஸ் மலைகள் தெரியும். அதற்கப்பால் ஜெர்பியே து ஜோங் என்ற கூம்பு மலையின் அடியில் லுவார் நதி பிறக்கிறது. அங்கே மூன்று ஊற்றுகள், மூன்றுக்கும் பெயர்ப்பலகை, மூன்றும் தான்தான் உண்மையான ஊற்று என்று உரிமை கோருகின்றன.

பரிசிலிருந்து ரயிலில் சென் எத்தியன் வரை போய், அங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றர் பஸ்ஸில் போகவேண்டும். பஸ்கள் குறைவு, நேரத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள். யூன் முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். ஓகஸ்டில் காட்டுக்குள் 'மிர்த்தீய்' என்ற சிறு நீலப்பழம் பழுத்திருக்கும். இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரர் திரிவதால் கடும் நிற உடுப்புப் போடுவது நல்லது. மாட்டுப் பட்டிகளின் படலையைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். மின்கம்பி வேலிகளைத் தொடவேண்டாம். அருங்காட்சியகம் பனிக்காலத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது. புகலிடம் கோரி வருகிறவர்களைத் தங்கவைக்கும் நிலையம் ஒன்றும் ஊரில் இயங்குகிறது. சந்தை நாளில் வேற்று நாட்டு முகங்களை அங்கே காணலாம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.