கையெழுத்துக்குப் பின் சில நாட்கள்: டைம்ஷேர் விற்பனையின் வரலாறு

ஆண்டுதோறும் சில நாட்கள் விடுதியில் தங்கும் உரிமையை முன்கூட்டியே விற்பதுதான் டைம்ஷேர். அதை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அறை வாடகைக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். வாங்குபவருக்கு யோசிக்க எவ்வளவு அவகாசம் கிடைத்தது என்பதே அதன் வரலாற்றை விளக்கும் கேள்வி என்பது என் வாதம்.

1963-இல் சுவிட்சர்லாந்தில் தோன்றிய ஹாப்பிமாக் நிறுவனத்தில் உறுப்பினர்கள் பங்கு வாங்கினார்கள். ஆண்டுதோறும் சேரும் புள்ளிகளைக் கொண்டு பல விடுதிகளில் தங்கினார்கள். இது கூட்டுறவுக்கு நெருங்கிய ஏற்பாடு. திருப்பம் அமெரிக்காவில் நேர்ந்தது. எழுபதுகளின் நடுவில், எண்ணெய் நெருக்கடியை ஒட்டிய மந்தத்தில், புளோரிடாவின் அடுக்குமாடி வீடுகள் விலைபோகாமல் தேங்கின. ஒரு வீட்டை வாரம் வாரமாகக் கூறுபோட்டு விற்றால் முழு வீட்டின் விலையை விடப் பல மடங்கு தேறும் என்று கட்டுநர்கள் கண்டுகொண்டார்கள். ஆனால் ஒரே வீட்டுக்கு ஐம்பது பேரைப் பிடித்தாக வேண்டும். ஆள்பிடிக்கும் செலவு, பரிசு, தரகு எல்லாம் விலையிலேயே ஏறின. வாங்கியவர் மறுநாளே விற்கப் போனால் விலையின் அந்தப் பகுதிக்கு மதிப்பில்லை. மறுவிற்பனையில் விலை சரிவதற்கு முதற்காரணம் இதுதான்.

விற்பனை முறையும் இந்தக் கணக்கிலிருந்தே பிறந்தது. வணிக வளாகத்தில் குலுக்கல் சீட்டை நிரப்புகிறோம். சில நாளில் 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, கணவனும் மனைவியுமாக வாருங்கள்' என்று தொலைபேசி வருகிறது. ஓட்டல் அரங்கில் ஒன்றரை மணி நேரப் பேச்சு. தயங்கினால் மேலாளர் வந்து விலையைக் குறைப்பார், அதுவும் இன்று மட்டும். தம்பதியாக அழைப்பது, 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்ற வாசலை அடைக்கத்தான். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டால் என்ன தெரியும்? உதாரணத்துக்கு, 4 லட்சம் ரூபாய் கட்டணம், ஆண்டுக்கு 7 இரவு, பராமரிப்புச் சந்தா 18,000 என்று வைப்போம். அந்த 4 லட்சம் வங்கியில் 7 சதவீதத்தில் இருந்தால் ஆண்டு வட்டி 28,000. ஆக ஓர் இரவுக்கு 6,500 ரூபாய்க்கு மேல் ஆகிறது, அசலும் கையில் இல்லை. சந்தாவோ ஆண்டுக்காண்டு ஏறக்கூடியது. தவறாமல் ஆண்டுதோறும், அதுவும் பள்ளி விடுமுறை நெரிசலில் செல்லும் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகலாம். மற்றவர்களுக்கு நட்டம்தான்.

சட்டங்கள் குறிவைத்தது இந்த அவசரத்தைத்தான். கையெழுத்திட்ட பின் 10 நாளுக்குள் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமையைப் புளோரிடா தருகிறது. அந்த உரிமையை வாங்குபவரே விட்டுக்கொடுத்தாலும் அந்த விட்டுக்கொடுப்பு செல்லாது. 1994-இல் ஐரோப்பிய ஒன்றியமும் குறைந்தது 10 நாள் தந்து, அதற்குள் முன்பணம் வாங்கத் தடை விதித்தது. அந்த விதி மூன்றாண்டும் அதற்கு மேலும் நீளும் ஒப்பந்தங்களுக்கே பொருந்தியதால், சிலர் 35 மாத ஒப்பந்தம் விற்றுத் தப்பினார்கள். 2008-இல் வந்த புதிய நெறிமுறை ஓராண்டைத் தாண்டும் ஒப்பந்தங்களையும் சேர்த்து, அவகாசத்தை 14 நாளாக்கியது. ஒப்பந்தத்தின் நீளமும் கேள்விக்குள்ளானது: ஸ்பெயினின் உச்சநீதிமன்றம் 2015-இல், அந்நாட்டுச் சட்டம் வைத்த 50 ஆண்டு வரம்பை மீறிய ஒப்பந்தம் செல்லாது என்றது.

இந்தியாவில் 1986-இல் சென்னையில் ஸ்டெர்லிங் தொடங்கியது. 1996-இல் மஹிந்திரா ஹாலிடேஸ் வந்தது. 99 ஆண்டு, 25 ஆண்டு என்று நீண்ட உறுப்பினர் திட்டங்கள் நடுத்தரக் குடும்பங்களைச் சென்றடைந்தன. இந்த வடிவத்தைப் போர்த்திக்கொண்டு வேறு தொழிலும் நடந்தது. அறை இரவுகளை விற்பதாகச் சொன்ன பான்கார்டு கிளப்ஸ், 50 லட்சத்துக்கும் அதிகமானோரிடம் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது அனுமதியற்ற கூட்டு முதலீட்டுத் திட்டமே என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2016-இல் தீர்ப்பளித்தது.

டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இங்கே இன்றும் இல்லை. ஒப்பந்தத்தில் நிறுவனம் தானாக எழுதித் தரும் அவகாசமே வாங்குபவருக்குத் துணை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தத்தை எதிர்க்க இடமளிக்கிறது. ஆனால் அந்தப் புகாரை மாவட்ட ஆணையம் ஏற்காது. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். பத்து நாளில் ஒரு கடிதத்தோடு முடிய வேண்டியதற்குத் தர்மபுரிக்காரர் வழக்கறிஞரைப் பிடித்துச் சென்னைக்கு அலைய வேண்டியிருக்கிறது.