எரு, எருவு, கம்போஸ்ட்

ஹைதராபாத் வந்த புதிதில் எனக்குச் சட்டென்று புரிந்த தெலுங்குச் சொல் 'எருவு'. நம்ம ஊர் எருதான், வாலில் ஒரு 'வு' கூட! உழுவதைவிட எருவிடுவது நல்லது என்று வள்ளுவர் 1038-வது குறளில் சொல்லியிருக்கிறார். அப்புறம் கம்போஸ்ட் எங்கிருந்து வந்தது?

அதுவும் பாதி நம்ம சரக்குதாங்க. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தார். இலைதழை, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் எல்லாவற்றையும் அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்து, மூன்று தடவை புரட்டினார். மூன்றே மாதத்தில் உரம்! நம் குப்பைக்குழிக்கும் இதற்கும் வித்தியாசம் காற்றுதான். காற்று போனால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகின்றன. குவியல் சூடேறிக் களை விதைகள் சாகின்றன. யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து 1931-ல் இதைப் புத்தகமாகவும் போட்டார்.

நகரத்துக் குப்பைக்கு வழி சொன்னவர் சி.என்.ஆச்சார்யா. 1939-ல், பெங்களூரில். குப்பையும் மனிதக் கழிவும் மாற்றி மாற்றிக் குழியில் போட்டு மண்ணால் மூட வேண்டியது. புரட்டும் வேலை இல்லை, ஆனால் ஆறு முதல் எட்டு மாதம் பொறுக்க வேண்டும். ஊர்க் கழிவு வயலுக்கே திரும்பிப் போகும் கணக்கு.

அந்தக் குழிகளில் பாலித்தீன் கிடையாது. இன்று ஹைதராபாத் குப்பை ஜவஹர் நகரில் மலையாக நிற்கிறது. கண்ணாடித் துண்டு கலந்த உரத்தில் எந்த விவசாயி காலை வைப்பார், சொல்லுங்கள்? ஹோவர்டும் ஆச்சார்யாவும் வேலையை முடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நம் அடுக்களையில் இரண்டு வாளி வைப்பதுதான்.