சகஸ்ரதாரா சுரங்க நில மண்ணரிப்பு அளவீடு

உத்தராகண்ட் மாநிலம் டேராடூனை அடுத்த சகஸ்ரதாராவில், கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்க நிலத்தில் நடந்த நீண்டகால ஆய்வு. டூன் பள்ளத்தாக்கின் பல சுரங்கங்களை மூட உச்ச நீதிமன்றம் 1985இல் உத்தரவிட்டது. சகஸ்ரதாராவின் 64 ஹெக்டேர் நீர்ப்பிடிப்புப் பகுதியை, இன்றைய இந்திய மண், நீர்வளப் பாதுகாப்பு நிறுவனம் 1984 முதல் 1996 வரை சீரமைத்து அளந்தது.

அளவிடும் முறை: ஓடை வெளியேறும் இடத்தில் நீரோட்டத்தை அளந்து, நீர் மாதிரியில் மிதக்கும் மண்ணை எடையிடுவர். தடுப்பணைக்குப் பின்னால் தேங்கிய வண்டலின் கன அளவை அடர்த்தியால் பெருக்கினால் எடை கிடைக்கும். சரிவில் அறைந்த இரும்புக் கம்பிகள் வெளியே நீளும் அளவு, அரிப்பின் ஆழத்தைக் காட்டும். மாதிரியை மட்டும் நம்பினால், ஓடையின் அடியில் உருண்டுசெல்லும் கற்கள் கணக்கில் விடுபடும்.

விளைவு: கம்பிவலைக் கல்லணைகளும் நொச்சி முதலிய செடிகளும் சரிவைப் பிடித்து நிறுத்தின. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 550 டன்னாக இருந்த மண்ணிழப்பு சுமார் 8 டன்னாகக் குறைந்தது. தாவரப் போர்வை 10 விழுக்காட்டிலிருந்து 80 ஆனது. மழையில்லாக் காலத்தில் ஓடையில் நீர் ஓடிய நாட்கள் 60இலிருந்து 240 ஆயின.

தமிழ்நாட்டுப் பொருத்தம்: இந்நிறுவனத்தின் ஆய்வு மையம் ஒன்று உதகமண்டலத்தில் உள்ளது. சங்கரன்கோவில் போன்ற குளத்துப் பாசன வட்டாரங்களில், மேட்டில் அரிக்கும் மண் குளத்தின் கொள்ளளவைக் குறைக்கும். ஆகவே கைவிட்ட குவாரிகளிலும் இத்தகைய அளவீடு அவசியம்.