நீலம் காட்டிய சோதனை

1856இல் லண்டனில், தம் வீட்டிலேயே அமைத்திருந்த சிறு ஆய்வுக்கூடத்தில், வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர் கொயினா மருந்தைச் செயற்கையாக உருவாக்க முயன்றார். கிடைத்ததோ ஊதாச் சாயம். நிலக்கரித் தாரிலிருந்து வண்ணங்களைப் பெறும் பெருந்தொழில் அங்கிருந்து வளர்ந்தது. அறிவியல் வரலாற்றை வாசிக்கும் நாம் வழக்கமாக இந்த இடத்தில் வியந்து நின்றுவிடுகிறோம். பின்கதை சற்று இருண்டது.

1895இல் ஃபிராங்க்ஃபர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஃபுக்சின் என்னும் செஞ்சாயம் தயாரித்த தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் கண்டு அறிவித்தார். அவர் ஐயுற்றது அனிலினை. 1921இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அறிக்கை பென்சிடினையும் பீட்டா நாஃப்தைலமினையும் சுட்டியது. 1938இல் வில்ஹெல்ம் ஹ்யூப்பர், பீட்டா நாஃப்தைலமின் கொடுக்கப்பட்ட நாய்களிடம் அதே நோய் தோன்றுவதைக் காட்டினார். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நுழையும் இப்பொருட்களைக் கல்லீரல் உருமாற்றுகிறது. உருமாறியவை சிறுநீரோடு வந்து பையில் தங்குகின்றன. நோய் வெளிப்பட இருபது ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். வேலையை விட்டு என்றோ போய்விட்டவரின் நோயை அந்த வேலையோடு யார் இணைத்துப் பார்ப்பார்?

இதற்கிடையே பென்சிடின் ஆய்வுக்கூட மேசைக்கும் வந்து சேர்ந்திருந்தது. 1904இல் ஆஸ்கர் ஆட்லர், ருடால்ஃப் ஆட்லர் இருவரும் அதைக் கொண்டு இரத்தத்தைக் கண்டறியும் முறையை வெளியிட்டனர். ஹைட்ரஜன் பெராக்சைடுடன் பென்சிடினைச் சேர்த்தால், கண்ணுக்குத் தெரியாத இரத்தச் சுவடும் நீலமாகத் தெரியும். மருத்துவமனைகளிலும் தடயவியல் கூடங்களிலும் பல பத்தாண்டுகள் இச்சோதனை நடந்தது.

சிறுநீரில் இரத்தம் காண்பது சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறிகளுள் ஒன்று. பிறர் சிறுநீரில் அந்த இரத்தத்தைத் தேடியவர்கள், அதே நோயைத் தரவல்ல பொருளைக் கையாண்டுகொண்டிருந்தனர்.

1967இல் பிரிட்டனும் 1974இல் அமெரிக்காவும் பென்சிடினைத் தொழிலிடங்களில் கடுமையான சட்டக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தன. அதே 1974இல், டெட்ராமெத்தில்பென்சிடின் என்ற மாற்றுப்பொருள் இரத்தச் சோதனைக்கு முன்வைக்கப்பட்டது. இன்று நோய்க் கண்டறியும் கூடங்களில் தோன்றும் நீலம் பெரும்பாலும் அதனுடையது.

ஆலையில் தெரிந்த உண்மை ஆய்வுக்கூட மேசையின் நடைமுறையை மாற்றப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆலையின் அண்டாவை அஞ்சிய நாம், மேசைமேல் இருந்த சிறு புட்டியை அஞ்சவில்லை. அளவு சிறிதென்றால் ஆபத்தும் இல்லை என்று நம்பினோம். புதிய புட்டி ஒன்றைத் திறக்கும்போதெல்லாம் நாம் நினைவில் கொள்ள வேண்டிய வரலாறு இது.